என் மருமகனும் சீனப் பொடியனின் கதவும்

எங்கள் வீட்டு முன்கதவின் உயரம் ஆறடி இரண்டங்குலம். என் மருமகன் தினுஷனின் உயரம் ஆறடி ஆறங்குலம். இந்த நாலங்குலம் பத்து வருடமாக எங்கள் இருவருக்கும் நடுவில் கிடக்கிறது.

கலியாணத்தன்று கோயிலில் இருந்து மாலையும் கழுத்துமாக வந்தவர், படியில் வலது காலை வைத்ததும் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். வீதியில் நின்ற ஆட்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பெண்ணைக் கட்டுகிறவர் தாய் வீட்டை விட்டுவிட்டுப் பெண் வீட்டுக்கு வருவார். அப்படி வந்த முதல் நாளே வீடு அவருக்குக் குட்டு வைத்துவிட்டது என்று சொல்லிச் சனம் சிரித்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நிலையை உயர்த்தலாமா மாமி என்று தன்மையாகத்தான் கேட்டார். நான் ஏலாது என்றேன். அந்த நிலை என் மனுசன் முதிரை மரத்தில் தன் கையால் போட்டது. வீட்டை மகள் ஷெரோனுக்கு எழுதிவிட்டோம், ஓம். நிலையை நான் எழுதிக் கொடுக்கவில்லை. உள்ளே நுழைந்தால் நேரே மாதா படம்தான் இருக்கிறது. வருகிறவர் குனிந்து வந்தால் என்ன குறைந்துவிடும்?

எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் ஷெரோன் எழுதுகிறாள். முன்பள்ளியில் படிப்பிக்கிறவள், கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தன் புருஷனைப் பற்றிய கதை என்பதால் சில இடங்களில் பேனையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நான் பார்க்காத மாதிரி அடுத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தினுஷன் பிறந்தது டவுனில், புளியந்தீவில். தகப்பன் வாவியில் இறால் பிடித்தவர். தாய் றோஸ்மேரி விடியலில் அப்பம் சுட்டு விற்றவள். இரண்டு பேரும் நடுத்தர உயரம்தான். பிள்ளை மட்டும் யாரைக் கேட்டு வளர்ந்தது என்று தெரியாது. பதின்மூன்று வயதில் தகப்பனின் தோளுக்கு வந்தார், பதினைந்தில் தலையைத் தாண்டினார். கட்டில் போதாமல் றோஸ்மேரி கால்மாட்டில் ஒரு வாங்குப் பலகையைப் போட்டு அதன்மேல் தலையணை வைத்துக் காலை நீட்டப் பண்ணினாளாம். வாங்கில் கால் வைத்துத் தூங்கிய பிள்ளை என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

டவுனில் பாஸ்கட்போல் புதினமான விளையாட்டு இல்லை. என் சின்ன வயதிலேயே, அமெரிக்காவில் இருந்து வந்த சுவாமிமார் வெள்ளை அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு பொடியன்களோடு திடலில் ஓடித் திரிந்ததை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் போட்டுவிட்டுப் போன விதை அது. தினுஷன் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தச் சுவாமிமார் இல்லை, விளையாட்டு இருந்தது. இவர் கையை உயர்த்தினாலே பாதித் தூரம் போய்விடும் என்பதால் கூடைக்குக் கீழே நிற்கவைத்தார்கள். காத்தான்குடியில் இருந்து வந்த ஹில்மி என்ற பொடியன் ஓடி ஓடிப் பந்தைக் கொடுப்பான், இவர் வாங்கிப் போடுவார். இரண்டு பேரும் மாவட்டத்துக்கு விளையாடினார்கள். டவுனில் இரண்டு பேரையும் ஒரு பெயராகச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

ஆனால் அது சண்டைக் காலம். அந்தக் காலத்தில் உயரம் ஒரு குற்றம் மாதிரி. ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினால், வரிசையில் முதலில் தெரிகிற தலை இவருடையது. மற்றவர்களை விட்டபிறகும் இவரை வெயிலில் நிற்கவைத்து, இவ்வளவு உயரத்தில் பள்ளிக்கூடப் பொடியனா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். பதினெட்டு வயதில் கொழும்பில் இருந்து அழைப்பு வந்தது. நாட்டின் இளைஞர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், வந்து ஆடிக் காட்டு என்று. றோஸ்மேரி போக விடவில்லை. வாயால் சொல்லி நிற்கிற பிள்ளை இல்லை என்று கண்டு, சப்பாத்தை ஒளித்துவிட்டாள். அந்தக் காலுக்கு மட்டக்களப்பில் எந்தக் கடையிலும் வேறு சப்பாத்து இல்லை. ஆள் எடுத்து எல்லாம் முடிந்த பிறகு, தகப்பனின் வலைச் சுருளுக்குள் இருந்து இறால் மணத்தோடு அது வெளியே வந்தது. றோஸ்மேரியை நான் இதில் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள்.

பிறகு பெயின்ற் வேலை பழகினார். சீலிங்குக்கு ஏணி வைக்காமல் அடிக்கிற ஆள் இவர் ஒருவர்தான் என்று ஏறாவூர் வரை கூப்பிடுவார்கள். ஷெரோனைக் கட்டி இங்கே தன்னாமுனைக்கு வந்தார். ஒரு பெண் குழந்தை. குடிக்கிறதில்லை, சத்தம் போடுகிறதில்லை. பின்னேரங்களில் டவுனுக்குப் போய்ப் பழைய ஆட்களோடு பந்தடிப்பார். இப்படியே நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சீனப் பொடியன் எங்கள் வீட்டுக்குள் வந்தான்.

வந்தான் என்றால் போனுக்குள்ளே. அமெரிக்காவில் இரவு விளையாடுவது இங்கே விடியலில் வரும். நான் தேங்காய் திருவ உட்காருகிற நேரம், மருமகன் பிளேன்டீக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனைச் சுவரில் சாய்த்துவிடுவார். ஏழடிக்கு வளர்ந்த பால் முகம். இருபது வயதுகூட இருக்காது. அங்கே இருக்கிற போட்டிகளுக்குள் எல்லாம் பெரிய லீக்கில் ஒரு அணி அவனை எடுத்திருக்கிறது என்று சொன்னார். எப்படி எடுக்கிறார்கள் என்று நான் கேட்டேன். முப்பது அணி இருக்கிறதாம். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடியிருந்து, முறை வைத்து, பொடியன்களைத் தெரிந்தெடுப்பார்களாம். எந்த அணிக்குப் போகிறது என்று பொடியனிடம் கேட்க மாட்டார்களாம். போதாததற்கு, சீனாவில் அவன் விளையாடிய கழகமும் ஓம் என்று விடவேண்டுமாம்.

"அப்ப அது மாப்பிள்ளை எடுக்கிற மாதிரித்தானே," என்றேன்.

"ஓம் மாமி. சீதனம்தான் கொஞ்சம் கூட."

"தாயிட்டக் கேட்டவங்களா?"

"தாயிட்ட ஆர் கேக்கிற? என்ட அம்மாட்ட நீங்க கேட்டீங்களா?"

தேங்காய்ப் பாதி முடிந்துவிட்டது, அடுத்த பாதியை எடுத்தேன்.

முதலில் விளையாட்டில் இருக்கிற ஆசை என்றுதான் நினைத்தேன். பிறகுதான் கண்டேன், மருமகன் பார்க்கிற பார்வை வேறு. அந்தப் பொடியன் ஆடாமல் வாங்கில் குந்தியிருந்த நாட்களில் இவர் பிட்டை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். பொடியன் இறங்கி இரண்டு பந்து போட்டுவிட்டால் பிட்டு தட்டிலேயே காய்ந்தது. அவன் பிழைவிட்டால் உடனே சொல்லுவார், நான் என்றால் இடப்பக்கம் திரும்பியிருப்பேன், இவனுக்குக் கால் வேலை தெரியாது, உயரம் இருக்கிறது, வேறு என்ன இருக்கிறது என்று. உயரம் இருக்கிறது, வேறு என்ன இருக்கிறது என்று நானும் ஒருவரைப் பற்றி நினைத்ததுண்டு. அதை அந்த இடத்தில் சொல்லவில்லை.

ஒருநாள் தேங்காய்ப்பூவைப் பிழிந்துகொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார். சீனாவில் உயரமான பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கண்டெடுத்து, விளையாட்டுப் பள்ளிக்கூடத்தில் விட்டு, இறைச்சியும் பாலும் கொடுத்து வளர்க்கிறார்களாம். என்னைக் கண்டெடுத்தது ஆமிக்காரன்தான் மாமி என்றார். அமெரிக்கா எங்கள் வாசலுக்கே வந்து பந்தைக் கையில் தந்துவிட்டு, ஆளை எடுக்க மட்டும் சீனாவுக்குப் போயிருக்கிறது என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆனால் அவருக்குக் காசும் பேரும் கூட அவ்வளவு உறுத்தவில்லை. எது உறுத்தியது என்று எனக்குக் காட்டியது ஒரு காலை. ஆட்டம் தொடங்க முன்னர் விளையாட்டுக்காரரை உள்ளே இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். அந்தப் பொடியன் ஒரு பெரிய வாசலால் ஓடி வந்தான். மருமகன் படத்தை நிறுத்திவிட்டு, போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாருங்க மாமி. ஏழடி. குனிஞ்சவனா?"

"இல்ல."

"அவனுக்குக் குனியத் தேவையில்ல. அங்க கதவெல்லாம் அவனுக்குச் செஞ்சது."

சொல்லிவிட்டு வேலைக்குப் போக எழும்பினார். எங்கள் நிலையில் இடித்துக்கொண்டார். பத்து வருடமாகப் பழகிய நிலை. அன்றைக்கு மறந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஹில்மி இவருக்குப் போன் எடுத்தான். ஹில்மி இப்போது கட்டாரில், கட்டடங்களுக்குப் பெயின்ற் அடிக்கிற ஒரு கம்பனியில் மேற்பார்வை. அங்கே கம்பனிகளுக்குள் வெள்ளிக்கிழமைகளில் பாஸ்கட்போல் போட்டி நடக்கிறதாம். இவர்களுடைய அணியில் நடுவில் நின்ற பிலிப்பைன்ஸ் ஆள் ஊருக்குப் போய்விட்டான். உயரமான ஆள் வேண்டும், பெயின்ற் வேலை தெரிந்தால் கம்பனி விசா தரும். உலகத்தில் இந்த இரண்டும் சேர்ந்த ஆள் என் மருமகனை விட வேறு யார்? ஹில்மியின் சத்தம் குசினி அடுப்பு வரை கேட்டது.

"மச்சான், நீ வந்து கூடைக்குக் கீழ நிண்டாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கொள்றன். உயித்த ஞாயிறுக்குள்ள ஒரு முடிவச் செல்லு."

ஹில்மிக்கு எங்கள் பெருநாள்கள் எல்லாம் தெரியும். சின்ன வயதில் நத்தார் கேக் தின்ன வந்தவன்.

மருமகன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முப்பத்தாறு வயதில் போய் ஓட முடியுமா என்று பயம். போகாவிட்டால் இனி ஒருநாளும் இல்லை என்றும் பயம். ஷெரோன் உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான், விருப்பம் என்று சொல்லிவிட்டுப் பிறகு அழுவாள். இதை எழுது மகள், உண்மைதானே. கடைசியில் மருமகன் ஒரு கணக்குப் போட்டார். அந்தச் சீனப் பொடியன் உயிர்த்த ஞாயிறு வரை அந்தப் பெரிய அணியில் நின்றால், தானும் போவது. அவனைத் திருப்பி அனுப்பினால் தானும் இங்கேயே நிற்பது.

வேறு ஆள் கிடைக்கவில்லையா இவருக்கு? யாரைக் கண்டால் பிட்டு இறங்காதோ அவனிடமே தன் தலைவிதியைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்கு விடியல் இரண்டாகப் பிளந்தது. பொடியன் வாங்கில் இருந்தால் மனம் குளிர வேண்டும், ஆனால் அதோடு கட்டார் தூரப் போகிறது. பொடியன் பந்து போட்டால் கட்டார் கிட்ட வருகிறது, ஆனால் வயிறு எரிகிறது. எதை விரும்புகிறது என்று தெரியாமல் போனுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டிருப்பார்.

எனக்கு அந்தக் குழப்பம் இல்லை. என் வீட்டுக்கு வந்த ஆணை, பத்து வருடம் என் சோற்றைத் தின்றவரை, முகம் தெரியாத ஒரு பொடியன் இழுத்துக்கொண்டு போகிறான். எனக்கு அவனைக் கண்ணில் காட்டக்கூடாது. நான் ஆயித்தியமலை மாதாவுக்கு நேர்ந்தேன். தாயே, அந்தப் பிள்ளையைச் சுகமாக அவன் தாயிடம் அனுப்பிவிடு. ஒரு பிள்ளை தாயிடம் போகட்டும் என்று கேட்பதில் என்ன பாவம்?

தவக்காலம் தொடங்கிய கையோடு அவனைச் சின்ன லீக்குக்கு அனுப்பினார்கள். பெரிய அணிக்குக் கீழே இன்னொரு அணி இருக்கிறதாம், பழகுகிற ஆட்களுக்கு. நான் தவக்காலம் என்றும் பாராமல் நண்டு வாங்கிக் காய்ச்சினேன். மருமகன் ஓடு உடைத்து உறிஞ்சி முடித்த பிறகுதான் சொன்னார், சின்ன லீக்குக்குப் போனாலும் பெயர் பெரிய அணியில்தான் இருக்கும், வேண்டியபோது திரும்பக் கூப்பிடுவார்கள் என்று. முதலே சொல்லியிருந்தால் நண்டு மிச்சம். சொன்னபடி பொடியன் திரும்பியும் வந்துவிட்டான்.

இதற்கிடையில் கட்டார் கதை றோஸ்மேரியின் காதுக்குப் போயிருந்தது. ஞாயிறு பூசை முடிந்து பஸ் ஏறி வந்தாள். அழுவாள், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மறிக்கலாம் என்று நான் நினைத்தேன். அவள் வாசலில் நின்றபடி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அமைதியாகச் சொன்னாள்.

"மச்சாள், நீங்க என்ட பிள்ளைய எடுத்துக்கொண்டு வரக்குள்ள எனக்கு எப்பிடி இருந்த எண்டு இப்ப விளங்குதா?"

"புளியந்தீவு பஸ்ஸில வந்து போற தூரம். அதுவும் இதுவும் ஒண்டா?"

"வாங்கு இன்னும் கட்டில் கால்மாட்டிலதான் கிடக்கு. தூரத்த நீங்க அளக்காதீங்க."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. மருமகன் போகப் போகிறார் என்பதைவிட, இவளுக்கு அதில் ஒரு துளி சந்தோசம் இருக்கிறது என்பது பொறுக்கவில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது. நான் திருவலையில் இருந்தேன். ஷெரோன் பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். பொடியன் அன்றைக்கு என்ன போட்டாலும் விழுந்தது. ஒரு பந்து, இன்னொரு பந்து. கூட்டம் எழும்பி நின்று கத்தியது. பொடியன் மறுபடியும் பந்தோடு எழும்பினான்.

"விழு," என்றார் மருமகன், பல்லுக்குள்ளே.

விழுந்தான். இறங்கும்போது இன்னொருவனின் பாதத்தின்மேல் கால் பட்டு, கணுக்கால் பக்கவாட்டில் மடிந்து, மரம் சாய்கிற மாதிரி. தரையில் கிடந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அப்படிப் பொத்தும்போதுதான் அவன் எவ்வளவு சின்னப் பிள்ளை என்று தெரிந்தது.

மருமகன் போனைக் குப்புற வைத்தார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் யாரோ ஒருவரின் வீட்டுச் சுவரைப் பாதியில் விட்டுவிட்டு வந்து முற்றத்தில் குந்தியிருந்தார். பிட்டும் வேண்டாம், சோறும் வேண்டாம். போனில் இருந்து வருகிறது அங்கே நடந்து முடிந்ததுதானே, நீங்கள் விழு என்று சொல்லும்போது அவன் ஏற்கெனவே விழுந்துவிட்டான் என்று ஷெரோன் படித்தவள் மாதிரி விளக்கம் சொன்னாள். சரியாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணூறு முன்னுக்குப் பின்னுக்குப் பார்த்து விழுகிறதில்லை. மாதக்கணக்காக ஒவ்வொரு விடியலும் இந்த வீட்டில் இருந்து அந்தப் பிள்ளையின்மேல் ஒரு கண் விழுந்துகொண்டே இருந்தது. அது அவனுக்கும் கூடாது, எங்களுக்கும் கூடாது. எங்கள் வீட்டிலும் வளருகிற பிள்ளை ஒன்று இருக்கிறது.

நான் மூன்று செத்தல் மிளகாயும் ஒரு பிடி உப்பும் எடுத்தேன். சந்தியில் கொஞ்ச மண் அள்ளி வந்தேன். சிரட்டைத் தணலைச் சட்டியில் போட்டு முற்றத்தில் வைத்தேன்.

"மகன், அந்தப் பொடியன்ட முகத்தப் போன்ல எடுங்க."

"மாமி, போனுக்கா கழிக்கப் போறீங்க?"

"அவனக் கொண்டுவந்து இருத்த ஏலுமா? எடுங்க."

எடுத்தார். சிரிக்கிற படம் ஒன்று. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் முழங்காலில் நின்றார். அப்போதும் என் நெஞ்சுக்கு வந்தார். நான் மிளகாயையும் உப்பையும் மண்ணையும் கையில் பொத்தி, அந்த முகத்தைச் சுற்றினேன். ஊர்க் கண், உறவுக் கண், இந்த வீட்டுக் கண் எல்லாம் போகட்டும் என்று சொல்லித் துப்பச் சொன்னேன். சீனத்துப் பிள்ளை அங்கே இருந்து எப்படித் துப்பும்? அவனுக்குப் பதிலாக மருமகன் துப்பினார். தணலில் போட்டேன்.

மிளகாய் எரிந்தால் நெடி வரவேண்டும். கண்ணூறு இருந்தால் நெடி வராது. நாங்கள் சட்டியைச் சுற்றி நின்றோம். மிளகாய் கருகி, உப்பு வெடித்து, புகை நேரே எங்கள் முகத்துக்கு வந்தது. ஒருவருக்கும் தும்மல் வரவில்லை. இருமல் வரவில்லை. ஷெரோன்கூட வாயை மூடிக்கொண்டாள்.

"இவ்வளவும் என்ட கண்ணா மாமி?" என்று கேட்டார்.

"அதில என்டதும் கொஞ்சம் இரிக்கும்," என்றேன்.

அன்றைக்குப் பின்னேரம் சோறு தின்றார்.

குருத்தோலை ஞாயிறுக்குப் பிறகு பொடியன் திரும்ப இறங்கினான். கொஞ்ச நேரம்தான். கொஞ்சம் கெந்துகிற மாதிரியும் இருந்தது. கூடைக்குக் கீழே முதுகைக் கொடுத்து நின்று, இடப்பக்கம் திரும்பிப் போட்டான். மருமகன் எத்தனையோ நாளாகப் பிழை சொல்லிக்கொண்டிருந்த அதே இடப்பக்கம். நல்லாப் போட்டான் என்று மருமகன் மெல்லச் சொன்னார். பொறாமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிறு எரிகிறவர்தான் அப்படி மெல்லச் சொல்லுவார். ஆனால் பிட்டை முடித்தார்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. பொடியன் அந்த அணியில் நின்றான். அவனைச் சுகப்படுத்தி நிற்கவைத்தது என் மூன்று மிளகாய். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக இருந்தது. பூசை முடிந்து வந்து, மருமகன் ஹில்மிக்கு ஓம் என்று சொன்னார். பிறகு ஒரு காலை, தேங்காய் திருவ இருந்தபடி, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"நிலைய உயத்துவம். மேசனுக்குச் சொல்லி அனுப்பிறன். போகாம நில்லுங்க."

பத்து வருடம் கேட்டதை நான் என் வாயால் கொடுத்தேன். அவர் எழும்பி நிலையைத் தட்டிப் பார்த்தார்.

"இப்ப வேணாம் மாமி. சுவர இடிச்சாப் பெயின்ற் அடிக்க ஆள் வேணும். நான் இரிக்க மாட்டன்."

போகிற அன்று பெட்டியோடு அந்த வாசலால் குனிந்து வெளியே போனார். இடிக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் றோஸ்மேரி பின்னேர பஸ்ஸில் இங்கே வந்துவிடுவாள். மருமகன் போன் எடுக்கிறது ஷெரோனுக்குத்தானே, தனக்கு முதலில் எடுக்கிறார் இல்லை என்று அவளுக்கு எரிச்சல். விளையாடப் போகும்போது ஹில்மி யாரிடமாவது போனைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுவான். பிடிக்கிற ஆள் ஒழுங்காகப் பிடிக்க மாட்டான். பாதி நேரம் கூரை தெரியும், மீதி நேரம் யாருடைய முதுகோ தெரியும். விடியலில் அந்தச் சீனப் பொடியனைப் பார்த்தால் எவ்வளவு தெளிவு! வியர்வை வடிகிறதுகூடத் தெரியும். அவன் வாங்கில் இருந்து தண்ணீர் குடிக்கிறதை உலகம் முழுக்கக் காட்டுகிறார்கள். அவனைப் பெத்தவள் எந்த ஊரில் இருந்தாலும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கலாம். எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு கூரை. அவளைப் பற்றி நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். அவனைத் தாயிடம் அனுப்பு என்று திரும்ப மாதாவிடம் கேட்கலாம் என்றும் இருக்கிறது. மிளகாயும் வீட்டில் இருக்கிறது.

போன வெள்ளி மட்டும் அந்த ஆள் போனை நேராகப் பிடித்தான். பெரிய மண்டபம். லொறி போகக்கூடிய வாசல். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஹில்மி வந்தான், குட்டையாக, கையைக் காட்டிக்கொண்டு. பின்னால் எங்கள் ஆள். தலைக்கு மேலே இன்னும் இரண்டு ஆள் நிற்கலாம், அவ்வளவு உயரமான வாசல். அதற்குள்ளும் தலையைக் குனிந்து வந்தார்.

ஷெரோன் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் நிறைந்துவிட்டது. றோஸ்மேரியின் தொடையைத் தட்டினேன்.

"பாத்தீங்களா மச்சாள்? அங்க போயும் எங்கட நிலைய மறக்கல்ல."

றோஸ்மேரி போனில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது உங்கட நிலை இல்ல, மச்சாள். பஸ்ஸால இறங்கக்குள்ள தலையக் குனி எண்டு நான்தான் சொல்லிக் குடுத்த. பதினஞ்சு வயசில."

அந்தப் பிள்ளை வெயிலில் வரிசையில் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. என் நிலைக்கு வர முன்னமே அவர் குனியத் தெரிந்துதான் வந்திருக்கிறார்.

ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பத்து வருடம் குனிந்தது இந்த வீட்டில்தான் என்று சொன்னேன். பதினொரு வருடம் குனிந்தது என் பேச்சுக்கு என்றாள் அவள். நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது போனில் பந்து மேலே போனது. மருமகன் எழும்பினார். பிடித்திருந்த ஆள் கையை ஆட்டிவிட்டான், கூரை தெரிந்தது. விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஷெரோன் எங்கள் இருவரையும் ஏசினாள்.

வருகிற வெள்ளி றோஸ்மேரி வர முன்னம் நான் போனுக்கு முன்னால் இருந்துவிடுவேன். நல்ல இடம் ஒன்றுதான் இருக்கிறது.